நெகட்டிவ் என்று வந்த காகிதம்

அப்பா இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினோம். உடம்பில் கொரோனாவுக்கு எதிர்ப்பு சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. எந்த டாக்டரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. நான்தான் இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு ஊசி என்றாலே பயம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கை மட்டும் தன் ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த நோயை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்?

எங்கள் வீடு வல்லம் வடகாலை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கம்பெனியின் மதில்தான் தெரியும். நான் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து வரும் பாகத்தை அளந்து, சரியென்றால் பச்சை அட்டை, தவறென்றால் சிவப்பு அட்டை கட்டுவது என் வேலை. தங்கை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் இருந்தாள். இரண்டாம் அலையில் ஊரே அடைந்து கிடந்தபோதும் எங்கள் இருவரின் கம்பெனி பஸ்களும் வந்துகொண்டுதான் இருந்தன. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அவரையும் அம்மாவையும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று அதட்டிவிட்டு, நாங்கள் இருவரும் தினமும் வெளியே போய் வந்தோம்.

ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த தங்கை வீட்டுக்குள் நுழையவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“எங்க லைன்ல ஒரு பொண்ணுக்கு பாசிட்டிவ் வந்துகீதாம். ரெண்டு பேரும் ஒரே டேபிள்லதான் ஒக்காந்துகினு இருந்தோம். நா பின்னாடி ஷெட்ல படுத்துக்கறேன். யாரும் கிட்ட வராதீங்க.”

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. “வண்டி நிறுத்தற எடத்துல போயி பொம்பளப் புள்ள படுக்கறதா?” என்று முணுமுணுத்தார். அவள் தட்டு, டம்ளர், வாளி எல்லாவற்றையும் தனியாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொசு பிடுங்கியெடுக்கும் இடம் அது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இப்போது என் சங்கதி. அதே வாரம் எனக்கும் உடம்பு கொதித்தது. கை கால் எல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. எங்கள் லைனில் எல்லோருக்கும் ஒரு வழி தெரிந்திருந்தது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்ப்பார். பஸ் ஏறுவதற்கு முன் ஒரு பாராசிட்டமால் விழுங்கிவிட்டால், கேட்டுக்கு வருவதற்குள் சூடு இறங்கிவிடும். உள்ளே போய்விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகி பெர்மனன்ட் ஆர்டர் வரவேண்டிய நேரம். பதினான்கு நாள் வீட்டில் உட்கார்ந்தால் அது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும் என்று பயந்தேன். இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். அந்த இரண்டு நாளும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை. ஆனால் மெஷின் பக்கத்தில் நின்றபோது, சூடு தணிய அதில் ஊற்றும் கூலன்ட் எண்ணெயின் நாற்றம் வரவில்லை. எத்தனை சோப்பு போட்டாலும் சட்டையை விட்டுப் போகாத நாற்றம் அது. மாஸ்க் போட்டிருப்பதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாஸ்க்கை இறக்கிவிட்டு மோந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அடுத்த சில நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவருக்கு மட்டும்தான் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். பாசிட்டிவ். தங்கை ஷெட்டிலிருந்து ஓடிவந்து அம்மாவோடு சேர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். ஒருத்தி கஞ்சி ஊட்ட, ஒருத்தி துடைத்துவிட, மூச்சு இரைக்கும்போது இருவருமாக அவரைக் குப்புறத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். நான் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை என்று ஆஸ்பத்திரிப் படுக்கை தேடி அலைந்தேன். கடைசியில் ஒரு படுக்கை கிடைத்தது. நான்கு நாள் இருந்தார். பிறகு ஒரு பையில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைக்கூடத் தூரத்தில் நின்றுதான் பார்த்தோம்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். வேலையில் கவனம் நிற்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பாகம் பழுதென்று திரும்பி வந்தால், ஒய்-ஒய் ஷீட் என்று ஒரு தாள் போடவேண்டும். ஏன் பழுதானது என்று முதல் கட்டத்தில் எழுது. அது ஏன் நடந்தது என்று இரண்டாவது கட்டத்தில். அது ஏன்? இப்படி ஐந்து தடவை ஏன் கேட்டால் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு காரணம் வந்து நிற்க வேண்டும். எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எந்த ஆள் என்று வந்துவிடும். கடைசிக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினால் மேனேஜர் தாளை முகத்தில் விட்டெறிவார். வருஷக் கணக்காக அந்தத் தாளைப் போட்டுப் போட்டு, உலகத்தில் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு கடைசிக் கட்டம் இருக்கிறது என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

அப்பாவுக்கும் மனசுக்குள் ஒரு ஷீட் போட்டேன். வெளியே போனது இரண்டு பேர். நான் அல்லது தங்கை. அப்பா ரேஷன் கடை வரிசையில் நின்றதும், எதிர் வீட்டுக்காரரோடு மாஸ்க் இல்லாமல் மணிக்கணக்காகப் பேசியதும் எனக்கு நினைவிருந்தது. அதையெல்லாம் நான் கட்டத்துக்குள் விடவில்லை. எனக்கு இரண்டில் ஒன்று வேண்டும். அது நானாக இருக்கக் கூடாது. உள்ளே கிடந்த ஆசை அதுதான்.

கம்பெனியில் தடுப்பூசி முகாம் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். ஊசி போட்டபிறகு ரத்தம் பார்த்தால் எல்லோருக்கும் பாசிட்டிவ்தான் காட்டும், நோய் வந்ததா இல்லையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம் என்று கூட வேலை செய்கிறவர் ஒருவர் சொன்னார். முகாமுக்கு முன்னால் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவையும் தங்கையையும் கிளப்பிக்கொண்டு அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனது அதனால்தான்.

இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. அம்மாவுக்குப் பாசிட்டிவ். தங்கைக்குப் பாசிட்டிவ். எனக்கு நெகட்டிவ்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நான் அங்கேயே தெருவில் நின்று அழுதேன். அப்பா செத்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை. எனக்கு வந்தது வெறும் காய்ச்சல்தான், வேறெதுவும் இல்லை என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து டீக்கடையில் நின்று டீ குடித்தேன். வாரக்கணக்கில் தொண்டையில் இறங்காத டீ அன்றைக்கு இறங்கியது.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்று ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் கோபத்தில் பேசவில்லை. அது அதைவிட மோசம். கூடத்தில் அம்மாவையும் தங்கையையும் உட்காரவைத்து, மூன்று காகிதங்களையும் தரையில் பரப்பி, ஆபீஸ் மீட்டிங்கில் விளக்குவதுபோல் விளக்கினேன். அப்பா வெளியே போகவில்லை. அம்மா வெளியே போகவில்லை. எனக்கு வரவே இல்லை. இவளுடைய லைனில் ஒருத்திக்கு இருந்தது. இவளுக்கு வந்திருக்கிறது.

“அப்ப நாந்தானாண்ணா?” என்று கேட்டாள் தங்கை.

“ரிப்போர்ட் அப்டித்தான் சொல்லுது” என்றேன்.

அவள் வாதாடவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். அம்மா அந்தக் காகிதங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

அன்றிலிருந்து அம்மா தங்கையோடு பேசுவது குறைந்தது. கேட்டால் பதில் சொல்வாள். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். அப்பாவுக்கு வருஷ திவசம் வந்தது. தங்கை விடிகாலையில் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு, அவருக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலுக்குக் காய் நறுக்க உட்கார்ந்தாள். அம்மா அவள் கையிலிருந்து கத்தியை வாங்கினாள்.

“அவருக்குப் படைக்கறத நீ தொடாத” என்றாள்.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். நான் பக்கத்தில்தான் வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட்காதவன்போல் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அதன்பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை படப்பையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார், நல்ல மனிதர். கல்யாணத்தில் அம்மா வெளியாளைப்போல் வந்து உட்கார்ந்திருந்தாள். தலை ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தாய்வீட்டுக்கு அழைக்கவேண்டும். அம்மா அழைக்கவில்லை. பொங்கலுக்கு நான் மட்டும் பைக்கில் சீர் எடுத்துக்கொண்டு போனேன். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் தங்கை வாங்கி வைத்துக்கொண்டாள். என்னிடம் டீ சாப்பிடச் சொன்னாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. படப்பையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பைக்கில் அரை மணி நேரம்தான். கல்யாணமாகிப் போனவள் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். பெர்மனன்ட் ஆர்டரும் வந்துவிட்டது. கேட்கிறவரிடமெல்லாம், எனக்குக் கொரோனா வரவே இல்லை, ரிப்போர்ட்டே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு நாள் மதியம், ஒரு பாகத்தின் பிசிறு விரலைக் கிழித்துவிட்டது. கம்பெனியின் முதலுதவி அறைக்குப் போனேன். அங்கே இருக்கும் நர்ஸ் தென்காசிப் பக்கத்துக்காரர். கட்டுப் போட்டுக்கொண்டே பேச்சு எங்கெங்கோ போய், கொரோனாவில் வந்து நின்றது. நான் வழக்கம்போல் போனை எடுத்து நீட்டினேன். அப்பா, அம்மா, தங்கை கதையையும் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, இதுல நெகட்டிவ்னா ஒங்களுக்கு வரவே இல்லன்னு அர்த்தம் கெடையாதுண்ணே. லேசா வந்துட்டுப் போயிருந்தா சில பேருக்கு இதுல காட்டவே காட்டாது. கொஞ்ச நாள்ல கொறைஞ்சும் போயிரும்.”

“அப்ப பாசிட்டிவ் வந்தவங்களுக்கு?”

“அவங்களுக்கு வந்திருக்கு, அவ்வளவுதான். எப்ப வந்துச்சு, யார்ட்ட இருந்து வந்துச்சுன்னு இது எப்படிச் சொல்லும்? அம்மாவும் தங்கச்சியும்தான அப்பாவப் பாத்துக்கிட்டாங்க? அவர்ட்ட இருந்தே அவங்களுக்கு வந்திருக்கும்லா.”

பிறகு போட்டோவைப் பெரிதாக்கி அடியில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். நெகட்டிவ் முடிவை வைத்து நோய் வரவில்லை என்று உறுதியாகச் சொல்லமுடியாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. எந்தப் பாகத்தின் வரைபடம் வந்தாலும் முதலில் அடிக்குறிப்பைப் படி என்று புது ஆட்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். இந்த ஒரு காகிதத்தில் மட்டும் நான் மேல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். படித்திருந்தாலும் நம்பியிருப்பேனா என்று தெரியவில்லை.

“நீங்க அப்ப காய்ச்சல் எதும் இல்லாமத்தான இருந்தீங்க?” என்று நர்ஸ் கேட்டார்.

விரல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு மெஷின் பக்கம் போனதும் கூலன்ட் நாற்றம் குமட்டிக்கொண்டு வந்தது. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகும் ஐந்து மாதம் சும்மா இருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு விடுமுறையிலும் படப்பைக்குப் போகவேண்டும் என்று நினைப்பேன். பைக்கைத் துடைப்பேன். பிறகு வேறு வேலை வந்துவிடும். கடைசியில் ஒரு சனிக்கிழமை போனேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், மாத்திரை, நாற்றம் தெரியாமல் போனது, நர்ஸ் சொன்னது.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“ஷெட்ல இருந்தப்ப ஒரு வாட்டி தண்ணி புடிக்க கொழாயாண்ட வந்தேண்ணா. அப்பா அங்க நின்னுகினு இருந்தாரு. ‘கொசு கடிக்குதாம்மா’ன்னு கேட்டாரு. நா பதில் சொன்னேன். மாஸ்க் கழுத்துல கெடந்துச்சு. அதுலதான் அவருக்கு ஒட்டிக்கிச்சுன்னு இத்தினி வருஷமா தெனமும் நெனச்சிகினு கீறேன்.”

“உன்னாலன்னும் சொல்ல முடியாது, என்னாலன்னும் சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாதாம்” என்றேன்.

“அன்னிக்கு மட்டும் எப்டி சொல்ல முடிஞ்சிது?”

அவள் கத்தியிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையின் சட்டையை மடித்து மேலே வைத்தாள்.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? அம்மாகிட்ட சொல்லு. அவங்க வாயால உள்ள வான்னு ஒரு வார்த்த கூப்புடட்டும். எனக்கு அது போதும்.”

நேரே வீட்டுக்கு வந்தேன். அம்மா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததில் பாதி மறந்துவிட்டது. எனக்கும் அப்போது காய்ச்சல் இருந்தது, மறைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா அழுவாள், அடிப்பாள், எழுந்து போய்விடுவாள் என்று எதற்கும் தயாராக இருந்தேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“தெரியும்” என்றாள்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

“சித்திர மாசத்து வெயில்ல ஃபேன நிறுத்திட்டு போர்வ போத்திக்கினு படுத்துகினு இருந்தியே. பெத்தவளுக்குத் தெரியாதா?”

“அப்பறம் ஏம்மா அவள...”

“உம்மேல கோச்சிக்கினு நா எங்கடா போறது?”

கோபமாகச் சொல்லவில்லை. கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே, சர்வசாதாரணமாகச் சொன்னாள். அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு இருப்பது என் வீடு, என் சோறு. யார் மேலாவது கோபப்படாமல் அவளால் அந்தச் சாவைத் தாங்க முடியவில்லை. பெண் எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிறவள். நான் காகிதத்தை விரித்துக் காட்டியபோது, எங்கே கோபப்படலாம் என்று அம்மாவுக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

“அவள வரச் சொல்லவாம்மா?” என்று கேட்டேன்.

“வந்தா அவ மூஞ்சில நா எப்டி முழிக்கறது?” என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன்.

“அம்மா இன்னா சொன்னாங்கண்ணா?”

“ஒண்ணுமே தெரியாதாம். கேட்டுட்டு ரொம்ப அழுதாங்க” என்றேன். “உன்ன வரச் சொன்னாங்க.”

தங்கை விசும்பி விசும்பி அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், அம்மாவை எதுவும் சமைக்க வேண்டாம் என்று சொல், நானே வந்து செய்கிறேன் என்றாள்.